ஃபுனாஃபுதி வழியாகப் போன செய்தி

பான் நகரத்துக் காலநிலைப் பேச்சுவார்த்தைக்குத் துவாலு என்ற குட்டித் தீவு நாட்டிலிருந்து மூன்று பேர் போயிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அது இரண்டாகிவிட்டது. குழுவின் தலைவர் சேமுவுக்குச் சர்க்கரை. ஊரில் ரப்பர் செருப்போடு திரிந்த கால், பத்து நாள் புது ஷூவுக்குள் கிடந்ததில் கட்டைவிரல் புண்ணாகிப் பழுத்துவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துவிட்டு, கட்டிலை விட்டு இறங்கினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். மிச்சம் அபினேலுவும் லோசலினாவும்தான்.

பெரிய நாடுகள் ஒரு அறைக்கு ஐந்து பேர் என்று அனுப்பும். ஒருத்தர் பேச, ஒருத்தர் எழுத, ஒருத்தர் தலைநகரத்துக்குப் போன் போட, மற்ற இருவர் காபி குடிக்க. துவாலுவுக்கு அந்தக் கொடுப்பினை என்றைக்கும் இருந்ததில்லை. ஆள் குறைந்தது அபினேலுவுக்குப் புதிது இல்லை. அவன் பயந்தது வேறொன்றுக்கு. சேமு இருந்தவரை நடுவில் அவர் உட்காருவார். இந்தப் பக்கம் அபினேலு சொல்வதைக் கேட்டு அந்தப் பக்கம் லோசலினாவிடம் சொல்வார். அவள் சொல்வதைக் கேட்டு இவனிடம் சொல்வார். இப்போது நடுவில் ஆள் இல்லை.

லோசலினா அவனுடைய தாய்மாமன் மகள். தமிழ்நாட்டில் மாமன் மகள் என்றால் ஊரே கேலி பேசிச் சிரிக்கும். இவர்கள் பிறந்த நானுமேயாத் தீவில் மாமன் மகள் என்றால் தங்கச்சி. வயசுக்கு வந்த தங்கச்சி இருக்கும் வீட்டுக்குள் அண்ணன் நுழைந்தால் அவள் மறுபக்கம் எழுந்து போய்விடுவாள். போக வழியில்லை என்றால் தலையைக் குனிந்துகொள்வாள். பக்கத்தில் உட்காருவதோ முகம் பார்த்துப் பேசுவதோ கிடையாது. இதை யாரும் அடித்துச் சொல்லித்தருவதில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது ஒருநாள் மத்தியானம் அபினேலு வீட்டுக்குள் போனான், அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனாள், அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம்வரை இரண்டு பேரும் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள். அன்றிலிருந்து இருபத்துநாலு வருஷமாக அவன் அவள் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை.

தலைநகர் ஃபுனாஃபுதியில் வளர்ந்த பிள்ளைகள் இதையெல்லாம் பாதி விட்டாயிற்று. இவர்கள் விடவில்லை. இப்படிப்பட்ட இரண்டு பேரை எந்த அரசாங்கமாவது சேர்த்து அனுப்புமா என்றால், பத்தாயிரம் பேர் இருக்கிற நாட்டில் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத மூன்று பேரைத் தேடிப் பாருங்கள், தெரியும். நிலம் அளக்கத் தெரிந்தவன் ஒருவன் வேண்டும், சட்டம் படித்தவள் ஒருத்தி வேண்டும். இரண்டும் நானுமேயாவில் ஒரே வளவுக்குள் பிறந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்?

கைப்பேசியில் நேரடியாக ஒரு வரி எழுதிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். தங்கச்சியின் கையில், அவள் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிற பொருளில், அண்ணனுடைய வார்த்தை போய் உட்காருவதா? அபினேலுவுக்கு அதை நினைத்தாலே கூசியது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால் செவ்வாய் மாலையே, யாரும் ஏற்பாடு செய்யாமல், ஒரு ஏற்பாடு உண்டாகிவிட்டது. அபினேலு ஃபுனாஃபுதியில் இருக்கிற மெலேவுக்கு எழுதுவான். மெலே லோசலினாவுக்கு எழுதுவாள். மாடியில் அவன் உட்காருகிற கூட்ட அறை, கீழே அவள் உட்காருகிற கூட்ட அறை. நாற்பது படி இறங்கினால் தீர்ந்துபோகிற தூரத்தைச் செய்தி பாதி உலகம் சுற்றிக் கடந்தது.

மெலே அவர்கள் அலுவலகத்துக் குமாஸ்தா. வைதுபு தீவில் பிறந்து ஃபுனாஃபுதியில் வாழ்க்கைப்பட்டவள், ஐம்பது வயது. இரண்டு பேருக்கும் எந்த உறவும் இல்லாதவள் என்பதால் யாரிடமும் எதையும் பேசலாம், பேசவும் செய்வாள். முதல்நாளே அபினேலுவைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

“ஏன் தம்பி, ரெண்டு பேரும் ஒரே கட்டடத்துல உக்காந்துகிட்டு எனக்குப் போன் போடுறீங்களே, நான் இங்க மீனைச் சுடவா, உங்க நடுவுல நிக்கவா? பேசாம ஒரு பாஸ்டரைக் கூட்டிட்டுப் போய் நடுவுல உக்கார வச்சிருக்கலாம். எனக்கு இதுக்குச் சம்பளமும் கிடையாது.”

திட்டினாளே தவிர, வந்த செய்தி ஒன்றையும் அவள் ஐந்து நிமிஷத்துக்குமேல் வைத்திருந்ததில்லை.

அவர்கள் பான் நகரத்துக்குப் போனதே ஒரு வரிக்காகத்தான். கடலில் தாழும் தீவுகளுக்குப் புதிதாக வருகிற உதவியைக் கொண்டு நிலத்தை மேடாக்கலாம், கரை கட்டலாம் என்று சொல்லும் வரி. லோசலினாவின் அறையில் ஓடிக்கொண்டிருந்த வரைவில் அது இன்னும் முடிவாகாமல் அடைப்புக்குறிக்குள் கிடந்தது. அதற்கு அடுத்த வரியைப் பற்றி யாருக்கும் சண்டையே இல்லை. மக்கள் இடம்பெயர்ந்து போக உதவி செய்யலாம் என்று அது சொன்னது. முதல் வரி போய் இரண்டாவது வரி மட்டும் நின்றால் அர்த்தம் ஒன்றுதான். கிளம்பினால் கொடுப்பார்கள், இருந்தால் கொடுக்கமாட்டார்கள்.

அபினேலுவின் அம்மா நானுமேயாவை விட்டுக் கிளம்புகிறவள் இல்லை. அவளுடைய புலாகாக் கிழங்குக் குழியில் மூன்று வருஷமாக உப்புத் தண்ணீர் ஊறுகிறது. செடி மஞ்சளாகி அழுகுகிறது. அப்போதும் பிடிவாதமாக நட்டுக்கொண்டிருக்கிறாள். விமானம் ஏறுவதற்கு முன் மகனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். என்னை எங்கேயோ கொண்டுபோய் இறக்கிவிட்டால் அந்த ஊரில் நான் யார், அதனால் மண்ணைக் கொண்டுவரச் சொல் என்றாள். மண்ணைக் கொண்டுவருகிறேன் என்று அபினேலு சொல்லிவிட்டு வந்திருந்தான். அவன் நில அளவைக்காரன். எத்தனை அடி மண் போட்டால் அம்மாவின் வீடு தப்பும் என்று அளந்து வைத்திருந்தான்.

புதன்கிழமை மாலை காபிக்கு வரிசையில் நிற்கும்போது பெரிய நாடுகள் சார்பில் பேசுகிற ஹோவர்டு அவன் தோளில் கைபோட்டார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகள் பெயரைக்கூட ஞாபகம் வைத்துக் கேட்பார். அவர் சொன்னது இது: உங்கள் வரி கீழே அந்த அறையில் கிடந்தால் எங்கள் ஆட்களுக்குக் கழுத்தில் கத்தி. மேலே உங்கள் அறையில் நிதி வரைவு இருக்கிறதே, அதில் நாங்களே எழுதிவிடுகிறோம், காலையில் அச்சில் பார்ப்பீர்கள். நீங்கள் கீழே அதை எடுத்துவிடச் சம்மதியுங்கள். அபினேலுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிதி வரைவில் வந்தால் இன்னும் உறுதியாயிற்றே. ஹோவர்டு கை நீட்டினார், இவன் பிடித்துக் குலுக்கினான்.

அவன் மெலேவுக்கு எழுதினான். மெலே லோசலினாவுக்கு எழுதினாள். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: எழுத்தில் இருக்கிறதா என்று லோசலினா கேட்கிறாள். சட்டம் படித்தவள் அல்லவா, கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். அபினேலு, கை கொடுத்தார் என்று பதில் போட்டான். அதற்கு அவள் எழுதியது: அண்ணன் சொன்னால் சரி.

அந்த வரியைப் படித்தபோது அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேறு யாராவது கை கொடுத்தார் என்று சொல்லியிருந்தால் லோசலினா அந்த ஆளை நாலு கேள்வி கேட்டுத் துளைத்திருப்பாள். சுவா நகரத்தில் படிக்கும்போது அவள் வாதாடி வாத்தியாரையே உட்கார வைத்தவள். அண்ணனை இரண்டாம் தடவை கேட்பது மரியாதையில்லை என்று நிறுத்திக்கொண்டாள்.

வியாழன்தான் கடைசி நாள். காலை எட்டு ஐம்பதுக்கு அபினேலுவின் அறையில் நிதி வரைவை நாற்காலிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு போனார்கள். பதினாலு பக்கம். அவன் முதல் பக்கத்திலிருந்து தேடினான். இல்லை. கடைசிப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தான். இல்லை. விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தான். தீவு என்ற வார்த்தை இரண்டு இடத்தில் இருந்தது, மண்ணைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஹோவர்டின் நாற்காலியில் வேறு ஒரு இளம்பெண் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஹோவர்டு கீழ் அறையில் இருக்கிறார் என்றாள்.

கீழ் அறையில் ஒன்பது மணிக்கு வரைவு முடிவாகிறது. கூட்டத் தலைவர் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். இருநூறு நாட்டில் ஒரு நாடு பெயர்ப் பலகையை நிமிர்த்தி வைத்தால் போதும், அந்த வரி போகாது. சின்ன நாட்டுக்குக் கையில் இருக்கிற ஆயுதமே அது ஒன்றுதான். எவ்வளவு பெரிய நாடானாலும் அந்தப் பலகையைத் தாண்டிப் போக முடியாது. லோசலினா பலகையை நிமிர்த்த மாட்டாள். அண்ணன் சொல்லியிருக்கிறான்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு அவன் மெலேவுக்கு எழுதினான்: மோசம் போயிட்டோம், விட வேண்டாம்னு சொல்லுங்க. செய்தி போனது. பதில் இல்லை. போன் போட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டான். மூன்றாம் தடவை போடும்போதுதான் அங்கே மணி என்ன என்று அவனுக்கு உறைத்தது. ஃபுனாஃபுதியில் மாலை ஏழு ஆகப்போகிறது. ஜெப மணி அடித்திருப்பார்கள். அந்த மணி அடித்தால் தெருவில் போகிற மோட்டார் சைக்கிள்கூட ஓரங்கட்டி நிற்கும். வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். போன்களை எல்லாம் மெலேயின் மாமனார் ஒரு கூடையில் போட்டு அலமாரிமேல் வைத்திருப்பார். அவர் ஜெபத்தை ஆரம்பித்தால் தீவில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் முடிப்பார். அபினேலுவே அந்தப் பாயில் உட்கார்ந்து கால் மரத்துப்போனவன்.

அவன் எழுந்து ஓடினான். ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே படி இறங்கினான். கொண்டுபோய்க் கொடுக்க யாராவது ஒரு தீவுக்காரர் கிடைப்பார் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனான். கடைசி நாள், எல்லாரும் ஏதாவது ஒரு அறைக்குள் அடைந்திருந்தார்கள். வாசலில் நின்ற காவலாளியிடம் காகிதத்தை நீட்டினான். வாசலை விட்டு நகரக் கூடாது, நீங்களே உள்ளே போகலாமே என்று அவர் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார்.

நாடுகளை ஆங்கில அகரவரிசையில் உட்கார வைப்பதால் துவாலு எப்போதும் பின்வரிசை. லோசலினா கதவிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் இருந்தாள். காதுக்குமேல் ஊரிலிருந்து கொண்டுவந்த துணிப்பூ. முன்னால் பெயர்ப் பலகை, மேஜையில் படுத்த மேனிக்கு. அவளைச் சுற்றி முந்நூறு பேர். மேடையில் தலைவர் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார்.

அபினேலு மூன்று எட்டு நடந்தான். இன்னும் நாலு எட்டு போய்க் குனிந்து அவள் காதில் சொன்னால் போதும். முந்நூறு பேர் பார்க்க, தங்கச்சியின் பின்னால் போய், அவள் கழுத்துப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய். கால் நின்றுவிட்டது. நடக்கச் சொல்லிப் பார்த்தான், நடக்கவில்லை. லோசலினா யாரோ வந்த சத்தம் கேட்டு லேசாகத் திரும்பினாள். உடனே குனிந்துகொண்டாள். மேஜையிலிருந்த வரைவைப் பார்க்கிறாள் என்று அவன் நினைத்தான். பலகையைக் காட்டிக் கையை ஆட்டினான், நிமிர்த்து நிமிர்த்து என்று சைகை செய்தான். அவள் நிமிரவில்லை.

ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார்.

லோசா என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நானுமேயாக்காரர்களை எனக்குத் தெரியும். அவன் கோழையில்லை. புயலில் படகு கவிழ்ந்தபோது இரண்டு பேரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தவன். அவனால் அந்த ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. தலைவர் இடமும் வலமும் ஒருதடவை பார்த்தார். ஆட்சேபம் இல்லை, அப்படியே தீர்மானம் என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினார். சின்னச் சத்தம்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டு முடிவதற்குள் அபினேலு வெளியே வந்துவிட்டான்.

ஹோவர்டை அவன் வராண்டாவில் பிடித்தான். அவருக்கு உண்மையாகவே வருத்தம்தான். தலைநகரம் ஒத்துக்கொள்ளவில்லை, விடிகாலையில்தான் தெரிந்தது, உங்களைத் தேடினேன், அடுத்த வருஷம் நிச்சயம் பார்ப்போம் என்றார். கூட்டத் தலைவரிடம் போனான். அவரும் அன்பாகத்தான் பேசினார். தட்டினது தட்டினதுதான், எல்லா நாடும் சம்மதித்தால் மறுபடி திறக்கலாம் என்றார். எல்லா நாட்டிலும் ஹோவர்டின் நாடும் சேர்த்தி.

மாடியில் தன் அறைக்குத் திரும்பி அபினேலு பலகையை நிமிர்த்தினான். நிதி வரைவையே நிறுத்திவிடலாம், அந்த அதிகாரம் அவன் கையில் இருந்தது. மூன்று நிமிஷம் பேசினான். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து நாற்காலித் தீவுக்காரர் அவன் முழங்காலைத் தொட்டார். ஏற்கெனவே தொடங்கின கடற்சுவர் ஒன்று அவர் ஊரில் பாதியில் நிற்கிறது, இந்த வரைவு நின்றால் அதுவும் நிற்கும். முழங்காலில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார். அபினேலு பலகையைப் படுக்க வைத்தான். துவாலுவின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது என்று தலைமேஜையில் சொன்னார்கள். அதையும் யாரோ எழுதிக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், தனித்தனியாக. அபினேலு உள்ளே சேமுவின் கட்டிலருகே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். லோசலினா கதவுக்கு வெளியே, பெஞ்சில். சேமு கடைசிவரை கேட்டார். முடிந்ததும் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க ரெண்டு பேரையும் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? நடுவுல நிக்க வேண்டிய கால் இது. இங்க படுத்துக் கிடக்கு.”

பிறகு லோசலினாவை வரச் சொன்னார். அவள் உள்ளே வர, அபினேலு வெளியே போனான்.

டிராம் நிறுத்தத்தில் நல்ல வெயில். அபினேலு பெஞ்சின் ஒரு நுனியில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் லோசலினாவும் வந்தாள். பெஞ்சுக்கு வராமல் பத்தடி தள்ளி ஒரு மர நிழலில், முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஊரில் இரவு ஒன்பதரை இருக்கும். மெலே இன்னும் தூங்கியிருக்க மாட்டாள். அவளிடமிருந்து காலையிலேயே ஒரு செய்தி வந்து கிடந்தது, ஜெபம் முடிந்து கூடையிலிருந்து போனை எடுத்ததும் எழுதினது. அன்றைக்கு மாமனார் அவர்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டாராம். அதனால்தான் நேரமாகிவிட்டதாம்.

இப்போது இன்னொன்று வந்தது.

“லோசலினா சொல்லச் சொன்னா. மண்ணு வராதுன்னு அத்தைகிட்ட அவளே பேசிக்கிறாளாம். பலகையைப் படுக்க வச்சது அவதானாம், அதனால தப்பும் அவளோடதாம். அண்ணன் பேரு இதுல வர வேணாம்ங்கிறா.”

அபினேலு அதை இரண்டு தடவை படித்தான். நிமிர்ந்து பார்க்காமலே அவள் நிற்கிற இடம் அவனுக்குத் தெரிந்தது. தாங்காமல் எழுதினான்.

“நான் வாசலுக்கு வந்தேன்னு அவகிட்ட சொல்லுங்க மெலே அக்கா. எனக்கு அப்பவே தெரியும். உள்ள வந்து நின்னேன். கூப்பிட வாய் வரலை. தப்பு என்னோடதுன்னு சொல்லுங்க.”

செய்தி ஃபுனாஃபுதிக்குப் போனது. மர நிழலில் லோசலினாவின் போன் முனகியது. அவள் எடுத்துப் படித்தாள். வெகுநேரம் படித்தாள். ஒரு டிராம் வந்து நின்று, இரண்டு பேரும் ஏறாததால் கதவை மூடிக்கொண்டு போனது. அவள் ஏதோ எழுதினாள். அபினேலு கையில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

“நீ வந்து நின்னதை அவ பாத்தாளாம் தம்பி. அண்ணன் வந்துட்டாருன்னுதான் தலையைக் குனிஞ்சாளாம். நீ வெளிய போறவரைக்கும் நிமிரவே இல்லையாம்.”

அடுத்த டிராம் வந்தது. லோசலினா முன்பெட்டியில் ஏறினாள். அபினேலு பின்பெட்டிக்குப் போனான்.